வீங்கிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கிக்கு ஃபைபர் கிளாஸ் சுற்றினால் பலமாகுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: மேல்மாடியில் வைத்த 1000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி அடிப்பக்கமாக வயிறு தள்ளி நிற்கிறது, வெளியே ஃபைபர் கிளாஸ் சுற்றிப் பலப்படுத்தலாமா, அப்படியே பைப்புகளுக்கும் ஒரு சுற்று சுற்றிவிடலாமா. தாங்கிக்கு வேண்டாம். பைப்புக்குத் தேவையே இல்லை. அவசரமானவர்கள் இத்தோடு போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த ஃபைபர் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய எரிச்சல் இருக்கிறது.

நீங்களும் கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலுக்குக் கிட்ட ஒரு தொடர்மாடியில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சீமெந்துக் கல்லை இரண்டு வரிசை அடுக்கி, நடுவை வெறுமையாக விட்டு, அதன் மேல் தாங்கியை ஏற்றியிருப்பார்கள். வீங்கியதைக் கண்டதும் ஒருவர் வந்து, "ஃபைபர் அடிச்சுவிட்டா பத்து வருஷத்துக்குப் பயமில்லை" என்று விலையும் சொல்லியிருப்பார். எங்கள் கட்டடத்தில் நடந்தது அதுதான்.

நான் பொறியியலாளர் இல்லை, முதலே சொல்லிவிடுகிறேன். வத்தளைப் பக்கம் ஃபைபர் படகு கட்டும் பட்டறை ஒன்றில்தான் என் உழைப்புக் காலம் போனது. ரெசின் என்ற பிசின், அதை இறுகவைக்கும் ஹார்ட்னர், மேட், ரோவிங் என்ற கண்ணாடி இழை வகைகள் எல்லாம் கையால் பழகினவன். அங்கே ரெசின் கலக்குவது பிளாஸ்டிக் வாளியில். பின்னேரம் வாளி அடியில் மிஞ்சினது இறுகிக் கல்லாகிவிடும். காலையில் வந்து வாளியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு நெளி நெளித்தால் 'டக்' என்று ஒரு சத்தம். இறுகிய ரெசின் முழு வில்லையாகக் கழன்று விழும். வாளியின் அடியில் அச்சடித்திருந்த எழுத்துக்கூட அதில் தலைகீழாகப் பதிந்திருக்கும். வாளி புதுசு மாதிரி, திரும்ப அதிலேயே கலக்குவோம்.

அந்த வாளியும் உங்கள் தாங்கியும் பொலியெதிலீன். இரசாயனப்படி பார்த்தால் அது மெழுகுக்கு நெருங்கிய சொந்தம். படகு அச்சில் ஒட்டாமல் கழன்று வரவேண்டும் என்றுதான் நாங்கள் அச்சுக்கு மெழுகு தேய்ப்போம். சுவரே மெழுகுச் சாதியாக இருக்கும் தாங்கியில் ரெசின் எப்படி ஒட்டும்? உப்புத்தாள் போட்டு உரசினாலும் கொஞ்சக் காலம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிவிசி பசையும் அதில் வேலை செய்யாது.

இதை எங்கள் குடியிருப்பாளர் கூட்டத்தில் சொன்னேன். வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரிந்து, பழைய வாளி ஒன்றையும் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் நெளித்துக் காட்டினேன். வில்லை மேசையில் விழுந்தது. தலைவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் படகுக்காரர், இது தாங்கி, இது வேற" என்றார். அவருடைய மகன் லண்டனில் இருக்கிறார், வங்கியிலோ எதிலோ வேலை. அவர் வட்ஸ்அப்பில் 'ஃபைபர்தான் பெஸ்ட்' என்று அனுப்பியிருந்தாராம். அத்தோடு தீர்ப்பாகிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற எதுவும் வேதம்தான், பக்கத்து வீட்டில் அதே வேலையில் தலை நரைத்தவன் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதே கூட்டத்தில்தான் மேல்மாடியில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்றும் முடிவெடுத்தார்கள், கட்டடத்தின் அழகு கெடுகிறதாம்! கொழும்பின் ஈரக்காற்றில் அறைக்குள் உடுப்புக் காயவைத்தால் என்ன மணம் மணக்கும் என்பது இவர்களுக்குத் தெரியாதா? மாதா மாதம் பராமரிப்புப் பணம் கட்டுகிறவர்கள் நாங்கள், மாடிக் கதவின் சாவி மட்டும் தலைவரிடம். சரி, அது வேறு கதை.

எங்களுக்கு இரண்டு தாங்கி. ஒன்றுக்கு ஃபைபர் அடித்தார்கள். அந்த வருஷத்து மழைக்காலம் முடிவதற்குள் அந்த ஃபைபர் ஓடு தாங்கிச் சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் விரலை விடலாம், காற்றடித்தால் கடகடவென்று ஆடும். உள்ளே தாங்கி வழக்கம்போல வீங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒருவர் வருவார் என்று தெரியும்: "ஒட்டாவிட்டால் என்ன, முழு வட்டமாகச் சுற்றினால் வளையம் மாதிரித் தாங்கும்தானே? தொழிற்சாலைகளில் செய்கிறார்களே?" செய்கிறார்கள், மறுக்கவில்லை. அமிலம் வைக்கும் தாங்கிகளில் உள்ளே பிளாஸ்டிக் சுவர், வெளியே கண்ணாடி இழை சுற்றுவது பழைய முறை. ஆனால் அங்கே இரண்டையும் பிடித்துவைக்க, உட்சுவரின் முதுகில் துணி பதித்த தகடு பாவிக்கிறார்கள். இழையையும் இயந்திரம் இழுத்துப்பிடித்துச் சுற்றும். மேல்மாடியில் ஒருவர் தூரிகையால் இழை மேட்டை ஒற்றுவது அந்த வேலை இல்லை. வெயிலில் பொலியெதிலீன் விரிகிற அளவு கண்ணாடி இழை ஓடு விரியாது, இரவில் குளிர்ந்தால் அதைப்போலச் சுருங்கவும் மாட்டாது. தினமும் இது நடந்தால் பிரியாமல் என்ன செய்யும்? நல்ல தடிப்பாகப் போட்டால் தாங்கும் என்பதும் உண்மைதான். அப்போது தாங்கி அந்த ஓடுதான், உங்கள் பிளாஸ்டிக் வெறும் உள்பை. அந்தக் காசுக்குப் புதுத் தாங்கி வாங்கலாம். தீச்சுவாலை காட்டி, ரெசின் ஒட்டும்படி மேற்பரப்பை மாற்றலாம் என்று இன்னொருவர் சொல்வார். அதுவும் உண்மை, தொழிற்சாலையில்.

வீக்கம் ஏன் அடியில் என்று யோசித்தீர்களா? தண்ணீரின் அழுத்தம் ஆழத்தோடு ஏறும். 1.2 மீற்றர் உயரத் தண்ணீர், 1.1 மீற்றர் குறுக்களவு என்று வையுங்கள். அடியில் உள்ள 10 சென்ரிமீற்றர் உயரப் பட்டையை மட்டும் எடுத்தால், அந்தச் சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கும் விசை 60 கிலோ எடைக்குக் கொஞ்சம் மேலே. பெரிய விசை இல்லை. ஆனால் இரவு பகல் விடாத விசை. பொலியெதிலீன் நிரந்தர இழுவைக்கு மெல்ல மெல்ல நீண்டு கொடுக்கும், சூட்டில் இன்னும் கெதியாக நீளும், நீண்டது முழுதாகத் திரும்பி வராது. சாராய வடிசாலையில் ஹல்மில்ல மரப் பீப்பாய்க்கு இரும்பு வளையம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், மரத்தை அணைத்து வைத்திருப்பது வளையம். உங்களுக்கும் தேவை அதுதான், பூச்சு இல்லை.

மற்றத் தாங்கிக்கு அதைத்தான் செய்வித்தேன், அதுவும் தலைவரோடு சண்டை பிடித்து. முதலில் அடித்தளம். நிரம்பிய 1000 லீற்றர் தாங்கி ஒரு தொன். நடுவில் வெறுமையாக விட்டால் அடி தொங்கும், அடி தொங்கினால் சுவரின் கீழ் மூலை மடிந்து வெளியே தள்ளும். பாதி வீக்கம் இதனால்தான். தண்ணீரை இறக்கி, தாங்கியின் முழு அடியும் உட்காரும்படி மட்டமான கொங்கிறீட் சிலாப் போட்டோம். கட்டடம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அடுத்தது, வெளியே போகும் பைப்பின் பாரம் தாங்கியின் பொருத்தில் தொங்காமல் சுவரில் கிளிப் அடித்தோம். பிறகு வளையங்கள், அடியில் நெருக்கமாக, மேலே போகப் போக விலகி. விளிம்பு சுவரை வெட்டாமல் இருக்க உள்ளே ரப்பர் பட்டி. தாங்கி பாதிக்குமேல் காலியாக இருக்கும்போது முறுக்க வேண்டும், நிரம்பினபிறகு முறுக்கிப் பயனில்லை. சாதா இரும்புப் பட்டி வாங்காதீர்கள், கடற்காற்றில் உதிர்ந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304 என்ற தரம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், 316 விலை கூட, ஆனால் நிற்கும்.

காசு இல்லாத நேரத்தில் ஒரு வழி: மிதவை வால்வைக் கீழே இறக்கி, தாங்கியைப் பாதிக்கே நிரப்புங்கள். அடி அழுத்தமும் பாதியாகும். தண்ணீர் வெட்டு நாளில் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் பைப் பொருத்தின துவாரத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்புக் கண்டால் வளையமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், மாற்றுங்கள். அதே பொலியெதிலீன் கம்பியைச் சூடான காற்றுத் துப்பாக்கியால் உருக்கி ஒட்டலாம், புதுத் தாங்கி வரும்வரைக்குத்தான் அது.

இனிப் பைப். உங்கள் பிவிசி பைப்பின் மேல் எஸ்.எல்.எஸ். 147 என்ற இலங்கைத் தர எண்ணும், டைப் 600 அல்லது டைப் 1000 என்றும் அச்சடித்திருக்கும். டைப் எண்தான் பைப் தாங்கும் அழுத்தம், கிலோபாஸ்கல் என்ற அலகில். 1000 என்றால் 10 'பார்', அதுவும் அழுத்த அலகுதான். மேல்மாடித் தாங்கியிலிருந்து கீழ்வீட்டுக் குழாய்க்கு 12 மீற்றர் இறக்கம் என்றால் 1.2 பார்தான் வருகிறது. சுவருக்கு என்ன பலம் போதாது? வீட்டில் பைப் போவது சுவரில் இல்லை, பொருத்துகளிலும், வெயில் பட்டு மொறுமொறுத்துப்போன இடங்களிலும், வால்வைப் படாரென்று மூடும்போது விழும் தண்ணீர் அடியிலும்தான். வெயில்படும் பைப்புக்கு வெள்ளை நிறத்தில், தண்ணீர் கலந்து பூசும் வகைப் பெயின்ற் பூசுங்கள். போன துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்துண்டும் சொக்கெட்டும் போட ஆகும் செலவு ரெசின் செலவைவிடக் குறைவு.

பைப்பைச் சுற்றிப் பலப்படுத்துவது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையென்றால், பூந்தோட்ட ஹோஸ் ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் மேல் சாய்வாக இரண்டு பக்கமும் பின்னிய வெள்ளை நூல், அதற்கு மேலே இன்னொரு பிளாஸ்டிக். அழுத்தத்தின் பெரும்பங்கைத் தாங்குவது அந்த நூல். பெரிய தொழிற்சாலைப் பைப்புகளில் இழையை ஏறக்குறைய 55 பாகைச் சாய்வில் சுற்றுவார்கள், ஏனென்றால் மூடிய குழாயில் சுற்றுவாக்கில் வரும் இழுவை நீளவாக்கில் வருவதைப்போல இரண்டு மடங்கு. உங்கள் பிளம்பரிடம் இந்தச் சாய்வைப் பற்றிக் கேளுங்கள், முழித்தால் காசு கொடுக்காதீர்கள்.

கீழே வந்து "எங்கள் வீட்டில் ஃபைபர் அடித்தது இன்னும் நிற்கிறது" என்று எழுதப் போகிறவர்களுக்கு: உங்களுடையது கொங்கிறீட் தாங்கியாக இருக்கும். கொங்கிறீட்டில் ரெசின் நன்றாகப் பிடிக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

கேட்டவர் ஒரு படம் போட்டால் இன்னும் சரியாகச் சொல்வேன். வீங்கின பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். தாங்கி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும், பைப் பொருத்தின துவாரத்தையும் கிட்டவாக எடுத்துப் போடுங்கள்.