முப்பது வயதுக்குள் ‘பார்டர் சுகர்’: கேள்விகளுக்கு நீரிழிவு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், வயது 27. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. எனக்கு நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை, உடற்பயிற்சி எதுவும் கிடையாது. ஊசி குத்தாமல் வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்: தையல் டேப் இருந்தால் போதும். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் இருக்கிறது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நாலே விஷயம். மொத்தம் 100, 60 வந்தால் அபாயம் அதிகம். உங்களுக்கே போட்டுப் பார்ப்போம். 35 வயதுக்குக் கீழே என்பதால் வயதுக்கு 0. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை, 10. உட்கார்ந்த வேலை, பயிற்சியும் இல்லை, 30. ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் என்றால் 0, 90 முதல் 99 வரை 10, அதற்கு மேல் 20. இடுப்பு 95 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 50.

‘அறுபதைத் தொடவில்லையே’ என்று நிம்மதியாகிவிடாதீர்கள். உங்கள் வயதில் எல்லாம் மோசமாக இருந்தாலும் 70தான் வரும், வயதுக்கான 30 உங்கள் கணக்கில் சேரவே சேராது. அதனால் இளைஞர்களுக்கு 40 வந்தாலே ஒருமுறை ரத்தம் பார்த்துவிடச் சொல்வேன்.

கேள்வி: இடுப்பு என்றால் பேண்ட் அளவா? நான் 34 போடுகிறேன்.

பதில்: அது இல்லை தம்பி. பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் 34 எப்போதும் 34தான். சட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும், வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

கேள்வி: என் தங்கை ஒல்லிதான். ஆனால் பின்கழுத்து கருத்திருக்கிறது. தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை.

பதில்: தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், அது அழுக்காக இருக்காது. கழுத்திலோ அக்குளிலோ தோல் கருத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். மாதவிடாயும் தள்ளிப்போகிறது என்றால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்பாவின் குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றில் 108 காட்டியது. எனக்கு வந்துவிட்டதா?

பதில்: அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் கருவியில் 15 சதவீதம் வரை கூடக் குறைய வரலாம். லேபில் நரம்பில் எடுத்த ரத்தத்தில் பாருங்கள். 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது, ‘ஒரு வாய் காபிதானே’ என்பதும் கூடாது. 100 முதல் 125 வரை வந்தால் முன் நீரிழிவு, அதாவது ‘பார்டர் சுகர்’, என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 110இல் தொடங்குகிறது.

அப்புறம், வெறும் வயிற்று அளவு சரியாக இருந்தும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140க்கு மேல் நிற்பவர்கள் நம் ஊரில் நிறைய. 140 முதல் 199 வரை முன் நீரிழிவு. நாலு இட்லி சாப்பிட்டுப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. காத்திருக்கச் சலித்து இந்தச் சோதனையைத்தான் பலர் தட்டிக்கழிக்கிறார்கள்.

கேள்வி: வயது 24. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.9. ஹீமோகுளோபின் 9தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது மேடம்.

பதில்: பயப்படாதீங்கம்மா. 5.7 முதல் 6.4 வரை முன் நீரிழிவு என்பது சரிதான். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இப்போதைக்கு குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையை நம்புங்கள். ரத்தசோகையைச் சரிசெய்த சில மாதங்கள் கழித்து எச்பிஏ1சியைத் திரும்பப் பாருங்கள்.

கேள்வி: முன் நீரிழிவு என்றால் உடனே மாத்திரையா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் உணவும் நடையும் மட்டுமே அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் மாத்திரை 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை. சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்யுங்கள், வருடம் ஒருமுறை ரத்தம் பாருங்கள்.