குழந்தை இருக்கும் வீட்டில் புதிதாக ஒரு நாய்: கேள்வி பதில்

அரசு கால்நடை மருந்தகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் நாயைத் தத்தெடுத்து வளர்ப்பது பற்றிப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு, என் மேசைக்கு முன்னால் அமர்ந்து கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படியே இங்கே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி (அம்பத்தூர், மூன்று வயது மகளின் தாய்): ஒன்றரை வயதுள்ள நாட்டு நாயைக் காப்பகத்திலிருந்து அழைத்து வந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. எந்நேரமும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. நாங்கள் உறங்கிய பிறகுதான் சாப்பிடுகிறது. மகள் ஆசையாகக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எங்களைப் பிடிக்கவில்லையா, டாக்டர்?

பிடிக்கவில்லை என்று பொருளில்லை, அம்மா. அதற்கு இன்னும் உங்களைத் தெரியவில்லை, அவ்வளவுதான். நாய் வளர்ப்பவர்களிடையே மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்றொரு கணக்கு உண்டு. முதல் சில நாட்கள் அச்சத்தில் ஒடுங்கிக் கிடக்கும். மூன்று வாரங்களில் வீட்டின் நேர ஒழுங்கு பிடிபடும். இது தன் வீடு என்ற நம்பிக்கை வர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். தெருவில் அடிபட்ட நாய்க்கு இதைவிடவும் நாளாகலாம். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பாயையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் வைத்து, அந்த இடத்தை அதற்கே விட்டுவிடுங்கள். மகள் அதற்குள் தவழ்ந்து போவதற்கு மட்டும் ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு அறிவுரையாகச் சொன்னால் பிடிபடாது என்பதால், அந்தப் பாய்க்கு நேராகத் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நாயின் வீடு" என்று சொல்லுங்கள். நாளுக்கு இருமுறை நீங்களும் மகளும் சற்றுத் தள்ளி அமர்ந்து, வேகவைத்த கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாக அதன் பக்கம் உருட்டிவிடுங்கள். பெயர் சொல்லி அழைக்கவும் வேண்டாம், கண்ணுக்குள் பார்க்கவும் வேண்டாம். அது தானாக எழுந்து வந்து மகளின் கையை முகரும் நாளுக்காகக் காத்திருங்கள்.

அந்த நாள் வந்த பிறகும் தலையில் தட்டிக்கொடுக்க விடாமல், மார்பிலோ தோளிலோ ஐந்து எண்ணும்வரை தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். நாய் மறுபடி நெருங்கி வந்தால் இன்னொரு ஐந்து எண்ணலாம். நகர்ந்துபோனால் அன்றைக்கு அது போதும். விரலை மடக்கி எண்ணுவது குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்பதால் இதை அவர்கள் எளிதில் கற்றுக்கொள்வார்கள்.

கேள்வி (கோயம்புத்தூர், நான்கு வயது மகனின் தந்தை): தத்தெடுத்து இரண்டு மாதங்கள் அமைதியாக இருந்த எங்கள் நாய், நேற்று மகன் கட்டிப்பிடித்தபோது உறுமிவிட்டது. அதட்டி ஓர் அடியும் கொடுத்தேன். குழந்தை இருக்கும் வீட்டில் உறுமுகிற நாயை வைத்திருக்கலாமா? திருப்பிக் கொடுத்துவிடும்படி மனைவி சொல்கிறார்.

இந்தக் கேள்விக்கு நான் நீளமாகவே விடை சொல்ல வேண்டும். உறுமல் என்பது கடிக்கப்போகிறேன் என்ற மிரட்டலன்று. கடிக்கும்படி என்னைச் செய்துவிடாதே என்று கேட்பதற்கு நாயிடம் இருக்கும் கடைசிச் சொல். அதற்கு முன்பே நாலைந்து முறை சொல்லிப் பார்த்திருக்கும், நாம்தான் கவனித்திருக்க மாட்டோம். ஒருமுறை என் அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. மருத்துவரைப் பார்க்கும் வரிசையில் அமர்ந்திருந்தபோது, அவர்களுடைய சிறுவன் நாயின் கழுத்தை இரு கைகளாலும் வளைத்துத் தன் கன்னத்தை அதன் காதோடு அழுத்திக்கொண்டிருந்தான். தாயார் கைப்பேசியில் படம் எடுத்தபடியே, "எவ்வளவு பாசம் பாருங்கள்" என்றார். நான் நாயைப் பார்த்தேன். வாய் இறுக மூடியிருந்தது. நாக்கு நுனி வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டு உள்ளே போயிற்று. தூக்கமே இல்லாத நேரத்தில் ஒரு கொட்டாவி விட்டது. தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் ஓரமாகச் சிறுவன் பக்கம் ஓட்டியதில் வெள்ளை விழி பிறைபோல் தெரிந்தது. உடம்பு கட்டைபோல் விறைத்திருந்தது. நான் எழுந்து சென்று சிறுவனை மெல்ல விலக்கியவுடன் அந்த நாய் குளித்து எழுந்ததுபோல் உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு பெருமூச்சு விட்டது. அன்று அது உறுமக்கூட இல்லை.

கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு. நாய்க்கோ, தப்பிப்போக வழியில்லாமல் பிடித்துவைத்தது. உறுமியதற்காக நீங்கள் அடித்தால் அதற்கு அச்சம் குறையாது, உறுமும் பழக்கம் மட்டும்தான் போகும். அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே பல் படும். எச்சரிக்காமல் கடித்துவிட்டது என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்பட்ட நாய்கள் பலவற்றின் பின்னால் இந்தக் கதைதான் இருந்தது. வீட்டுக்குள் சிறு குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் பழகிய நாய்களே. குழந்தையின் உயரத்தால் காயம் பெரும்பாலும் முகத்தில்தான் விழுகிறது.

ஆகவே இனி உறுமினால் நாயைத் திட்டாமல் மகனை அமைதியாகத் தூக்கிக்கொள்ளுங்கள். நாய் உண்ணும்போதும், உறங்கும்போதும், எதையாவது வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கும்போதும் அவன் அருகே போகக் கூடாது. பெரியவர் ஒருவரின் கண் படாத இடத்தில் இருவரும் ஒரு நிமிடம்கூடத் தனித்திருக்கக் கூடாது. சமையலறைக்குப் போவதானால் இருவரில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள். இரண்டு மாதங்கள் அமைதியாக இருந்த நாய் திடீரென்று மாறியிருப்பதால் காதுச் சீழ், பல்வலி, உண்ணிக் காய்ச்சல், மூட்டுவலி ஆகியவை உண்டா என்று மருத்துவரிடம் காட்டிப் பார்க்கவும் வேண்டும். திருப்பிக் கொடுக்கும் பேச்சை இவற்றையெல்லாம் செய்து பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (கும்பகோணம், ஒன்பது மாதப் பேரனின் பாட்டி): மருமகள் நாய் கொண்டுவந்திருக்கிறாள். பேரன் தரையில் தவழ்கிறான். நாய் முடி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆகாது, இளைப்பு வரும் என்கிறார்களே, ஐயா?

உங்கள் அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன், அம்மா. ஆனால் அஞ்ச வேண்டியது முடியை அன்று. விழுங்கிய ஓரிரு முடி மலத்தோடு வெளியேறிவிடும். உண்மையில் கவனிக்க வேண்டியவை நாயின் குடற்புழுக்கள். உருண்டைப் புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிவந்து, மண்ணில் சில வாரங்கள் கிடந்த பிறகுதான் நோய் தரும் நிலையை அடைகின்றன. எனவே மலத்தை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்தும் வீட்டில் இந்த ஆபத்தின் பெரும்பகுதி அப்போதே போய்விடுகிறது. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈரமண்ணில் இருந்து வெறுங்காலின் தோல் வழியாக நுழையக்கூடியவை. கொல்லையில் நாய் மலம் கழிக்கும் மூலையில் பேரனை இறக்கிவிடாதீர்கள். குடற்புழு நீக்க மருந்தை, குட்டியானால் ஆறு மாதம் வரை மாதந்தோறும், வளர்ந்த நாயானால் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். குழந்தையின் வாயையும் காயம்பட்ட இடத்தையும் நாய் நக்க விடக் கூடாது.

இளைப்பைப் பொறுத்தவரை, ஒவ்வாமையைத் தூண்டுவது நாயின் உமிழ்நீரிலும் தோல் பொடுகிலும் உள்ள புரதங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் அது வருவதில்லை. பேரனுக்கு அடிக்கடி மூக்கடைப்போ, கண் அரிப்போ, இரவில் இருமலோ வந்தால் குழந்தை மருத்துவரிடம் வீட்டில் நாய் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். நாய் தொட்டிலறைக்குள் வராமல் இருப்பதும், தரையை நாள்தோறும் ஈரத்துணியால் துடைப்பதும் நல்லது.

கேள்வி (மதுரை): எங்கள் வீட்டில் நாய்க்குத் தயிர்சாதம்தான். குழந்தையும் தன் தட்டிலிருந்து எடுத்து ஊட்டிவிடுகிறாள். தவறா?

வெறும் தயிர்சாதத்தால் கேடில்லை. ஆனால் அது மட்டுமே உணவானால் புரதம் போதாது. முட்டை, கோழி, மீன் ஆகியவற்றில் ஒன்றை உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்துச் சேருங்கள். வேகவைத்த எலும்பு சிம்புகளாக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் கொடுக்க வேண்டாம். சாம்பார் ஊற்றிய சோற்றை நான் வேண்டாம் என்பது காரத்துக்காக மட்டுமன்று, வெங்காயத்துக்காகவும்தான். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கின்றன. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும், சைலிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய்களும் நஞ்சு. நாய்க்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள்.

குழந்தை ஊட்டிவிடுவதில் எனக்குப் பெரிய கவலை வேறொன்று. நம் வீடுகளில் குழந்தைகள் தரையில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள். அப்போது நாயின் வாயும் குழந்தையின் முகமும் ஒரே உயரத்தில், நடுவில் ஒரு தட்டோடு இருக்கின்றன. குழந்தை உண்டு கைகழுவும்வரை நாய் கதவுக்கு அப்பால் இருக்கட்டும்.

கேள்வி (திருநெல்வேலி): விளையாடும்போது நாயின் பல் பட்டு மகளின் முழங்கையில் இலேசாகக் கீறி இரத்தம் துளிர்த்தது. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம். அவளுக்கும் ஊசி தேவையா? மாமியார் மஞ்சள் வைத்துவிட்டார்.

இதைப் படித்தவுடன் எழுந்து அந்த மஞ்சளைக் கழுவிவிடுங்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. இறுக்கிக் கட்டுப்போடவும் கூடாது. பிறகு இன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இந்த ஊசி இலவசமாகவே போடப்படுகிறது. இரத்தம் வந்த காயத்தை மூன்றாம் வகை என்பார்கள். அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவதுண்டு. உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள், எது தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாயைக் கட்டிவைத்துப் பத்து நாட்கள் கவனிக்க வேண்டும். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கவே கூடாது. ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற வழியில்லை.

ஊசி என்றதும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு என்ற பழைய அச்சம் இன்னும் பெரியவர்களிடம் இருக்கிறது. அது நரம்புத் திசுவில் தயாரித்த பழைய மருந்து. 2004ஆம் ஆண்டோடு இந்தியாவில் அது நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 என்ற நான்கு நாட்களில் கையில்தான் போடுகிறார்கள். நாய்க்கு மூன்று மாத வயதில் ஒன்றும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றும் தவறாமல் போட்டு, அட்டையில் தேதியைக் குறித்து வாங்குங்கள். குழந்தைகள் திட்டுக்கு அஞ்சிச் சிறு கீறலை மறைத்துவிடுவார்கள். நாய் பட்ட காயத்தை வந்து சொன்னால் எவரும் திட்டமாட்டார்கள் என்பதை அவளுக்கு இன்றே சொல்லிவையுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): நாயே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. என்ன செய்வது?

பெரும்பான்மை வாக்கால்கூட வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ஆம் ஆண்டே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. மாநகராட்சி உரிமத்தையும் தடுப்பூசி அட்டையையும் இணைத்துச் சங்கத்துக்குக் கடிதம் கொடுங்கள். பொதுவிடத்தில் சங்கிலி போட்டே அழைத்துச் சென்று, மலத்தை நீங்களே அள்ளுங்கள்.

கேள்வி (சேலம், ஐந்து வயது மகனின் தாய்): எங்கள் நாய்க்கு இதுதான் முதல் தீபாவளி. மகனோ பட்டாசுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். இருவரையும் எப்படிச் சமாளிப்பது?

மனிதர்களைவிடப் பலமடங்கு கூர்மையான செவி நாய்களுக்கு. தீபாவளி இரவில் கதவிடுக்கில் புகுந்தோடித் தொலைந்த நாய்களைத் தேடி மறுநாள் கண்ணீரோடு வந்தவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். பட்டாசு வெடிக்கத் தமிழக அரசு ஒதுக்கிவரும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றாலும், தெருவில் ஓசை அதற்கு முன்பும் பின்பும் நீளும். ஆகவே பொழுது சாய்வதற்குள் வெளியே அழைத்துச் சென்று, உணவும் கொடுத்துவிடுங்கள். தெருவைப் பார்க்காத அறையில் சன்னலைச் சாத்தித் திரையிட்டு, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். மிகவும் நடுங்கும் நாயானால் ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்தால் தகுந்த மருந்து தருவார். அது மறைவிடத்தில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். உங்களிடம் ஒட்டிக்கொண்டால் தடவிக்கொடுங்கள், அதனால் அதன் அச்சம் அதிகமாகிவிடாது.

அச்சத்தில் இருக்கும் நாய் தொட்டவரைக் கடிக்கும் என்பதால், அன்று மகன் அந்த அறைக்குள் போக வேண்டாம். அவன் தந்தையோடு மாடியிலோ தெருவிலோ மத்தாப்பும் சங்குசக்கரமும் கொளுத்தட்டும். நீங்கள் நாயோடு உள்ளே இருங்கள். ஓசை அடங்கிய பிறகு கதவைத் திறந்து, அது தானாக வெளியே வந்ததும், வழக்கமான அந்தக் கோழித் துண்டை மகன் கையாலேயே உருட்டிவிடச் சொல்லுங்கள்.