காப்பகத்து நாயைச் சில மணி நேரம் வெளியே அழைத்துப் போய்விட்டு, மறுபடி கூண்டில் விடுவது பாவமில்லையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு விலங்குக் காப்பகத்துக்கு மாதம் இரண்டு முறை தொண்டராகப் போகிறேன். கையெழுத்துப் போட்டு ஒரு நாயை அழைத்துப் போகலாம். மூன்று மணி நேரத்தில் திரும்ப வேண்டும். ஆசை காட்டி மோசம் செய்கிறோமோ என்ற உறுத்தல் எனக்கும் இருந்தது.

முதல் தடவை நான் செய்தது முழு முட்டாள்தனம். காப்பகத்தார் டாஃபி என்று பெயரிட்டிருந்த பழுப்பு நிறப் பெட்டை நாய். தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு எங்கிருந்தோ ஓடிவந்தது. தேடி யாரும் வரவில்லை. (வெடித்தவர்கள் நம்மவர்கள் என்பதால் இந்த விஷயத்தை நாம் அதிகம் பேசுவதில்லை.) அதற்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிறேன் பேர்வழி என்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உம்கேனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூனுக்குக் கூட்டிப் போனேன். ஞாயிறென்றால் அங்கே நம் குடும்பங்கள் கூடிவிடும். ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் இறைச்சி சுடும் புகை. ஒரு பாட்டி, “பைரவருக்குக் கொடுக்காமல் சாப்பிடலாமா?” என்று தன் பன்னி சௌவிலிருந்து (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) குழம்பில் ஊறிய ரொட்டியைப் பிய்த்து நீட்டினார். நாய்க்கு வெங்காயம் ஆகாது, இரத்த அணுக்களையே சிதைத்துவிடும் என்று நான் விளக்கி முடிப்பதற்குள், டாஃபி புல்லில் கிடந்த கோழி எலும்பைக் கவ்விவிட்டது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வாய்க்குள் விரலை விட்டு அதைப் பிடுங்கி நிமிர்ந்தால், மரத்திலிருந்து வெர்வெட் குரங்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. என் தோள் மூட்டு ஒரு வாரம் வலித்தது. டாஃபி தண்ணீர்கூடக் குடிக்காமல் நாக்கைத் தொங்கவிட்டு நடுங்கியது.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் லிசா குன்டர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள். 2021இல் வெளியான ஆய்வில், இரண்டரை மணி நேரம் வெளியே போய்வந்த நாய்களுக்கு அன்றைக்குக் கார்ட்டிசோல் என்ற மன அழுத்தச் சுரப்பு குறையவில்லை, கூடியிருந்தது. அதாவது சிறு உலா என்பது நாய்க்குக் கிளர்ச்சி, ஓய்வு அல்ல. ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்கிய நாய்களைப் பற்றிய 2019 ஆய்வு வேறு மாதிரி. அங்கே அந்தச் சுரப்பு குறைந்தது, நாய்கள் நீண்ட நேரம் இடையறாமல் ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் அளவு பழைய நிலைக்கு வந்ததே தவிர, அதற்கு மேல் ஏறவில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் சிறு உலா எதற்கு? வீடு கிடைப்பதற்கு. 51 காப்பகங்களில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், உலா போன நாய்கள் தத்துப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்காகவும், வீட்டில் தங்கியவற்றுக்கு 14 மடங்காகவும் இருந்தது.

ஆகவே இரண்டாம் முறை நான் திட்டமே போடவில்லை. ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெருவில் பத்து நிமிடம், நிறைய மோப்பம். பிறகு மரநிழலில் காரை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு நான் செய்தித்தாள் படித்தேன். டாஃபி பின்சீட்டில் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்து, ஒன்றேகால் மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கியது. அறுபது நாய்கள் மாறி மாறிக் குரைக்கும் இடத்தில் எது தூங்கும்? திருப்பி விடும்போது அது தன்பாட்டில் தண்ணீர்ப் பாத்திரத்தை நோக்கிப் போயிற்று. வாசலில் தயங்கி நின்றது நான்தான்.

நீங்களும் போவதானால், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட நாய்தானா என்று முதலில் கேளுங்கள். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதீர்கள். மிரண்ட நாய் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும். புல்லில் நடந்தால் காதுமடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி பாருங்கள். இங்கே பிலியரி என்று சொல்லும் காய்ச்சல் உண்ணியால் வருவது, கவனிக்காவிட்டால் சில நாட்களில் ஆளை, அதாவது நாயை, முடித்துவிடும். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

எல்லாவற்றையும்விட, பார்த்ததை எழுதிக் கொடுங்கள். டாஃபியின் அட்டையில் ‘ஓயாமல் குரைக்கும்’ என்றுதான் இருந்தது. அதன் கீழே நான், காரில் வாந்தி எடுக்கவில்லை, சைக்கிளுக்குப் பயம், குழந்தைகளைக் கண்டால் உட்கார்ந்துவிடுகிறது, தூக்கத்தில் குறட்டை விடுகிறது என்று எழுதி, பின்சீட்டில் எடுத்த படத்தையும் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து, டர்பனை ஒட்டிய பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். காப்பகத்தார் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தார்கள். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: குறட்டை சத்தமாக இருக்குமா?

இருக்கும் என்றேன்.

“பரவாயில்லை, இவரும் விடுவார்” என்றார்.