மூச்சுக்குழாயைச் சுருக்கும் பெப்டைடுகள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பெப்டைடு ஹார்மோன் என்றாலே எனக்கு இன்சுலின்தான் ஞாபகம் வருகிறது. அதற்கும் மூச்சுக்குழாய்க்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இன்சுலினை விடுங்கள். இங்கே பேச்சு, நரம்பு முனையிலோ திசுவிலோ சுரந்து அங்கேயே வேலை பார்க்கும் குட்டிப் பெப்டைடுகளைப் பற்றி (பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி); கறாராகப் பார்த்தால் எல்லாமே ஹார்மோன் ஆகாது. நியூரோகைனின் ஏ, பிராடிகைனின், எண்டோதீலின்-1 எல்லாம் சுருக்கும் கட்சி. 28 அமினோ அமிலம் கொண்ட வி.ஐ.பி. (பெரிய மனிதர் இல்லை, வாசோஆக்டிவ் இன்டஸ்டினல் பெப்டைடு என்பதன் சுருக்கம்) தளர்த்தும்.

கேள்வி: மிளகாயின் காரப்பொருளை வைத்துச் சோதிக்கிறார்களாமே, எதற்கு?

பதில்: கேப்சைசின் பட்டால் கினிப்பன்றியின் மூச்சுக்குழாயில் உள்ள சி-நார் நரம்புகள் (எரிச்சலை உணரும் மெல்லிய நரம்புகள்) தம்மிடம் இருக்கும் சப்ஸ்டன்ஸ் பி, நியூரோகைனின் ஏ என்ற இரண்டு பெப்டைடுகளையும் கொட்டிவிடும், குழாய் சுருங்கும். சுருக்குவதில் நியூரோகைனின் ஏ-க்குத்தான் வீரியம் அதிகம், பெரும்பாலும் என்.கே.2 ஏற்பி (பெப்டைடு வந்து ஒட்டும் செல் புரதம்) வழியாக. முன்கூட்டியே நிறைய கேப்சைசின் கொடுத்து நரம்பைக் காலி செய்துவிட்டால், அப்புறம் எவ்வளவு தூண்டினாலும் அந்தச் சுருக்கம் வராது. பெப்டைடு வந்தது நரம்பிலிருந்துதான் என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

கேள்வி: ஒரே அளவு சப்ஸ்டன்ஸ் பி, ஒரே கினிப்பன்றி. ஒரு திசுத்துண்டு லேசாகச் சுருங்குகிறது, இன்னொன்று பலமாக. ஏன்?

பதில்: இரண்டாவதில் உள்பூச்சு, அதாவது எபிதீலியம், உரிந்துபோயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில்தான் நெப்ரிலைசின் என்ற நொதி இருக்கிறது, பெப்டைடு தசையைத் தொடும் முன்பே அதை வெட்டிப் போட்டுவிடும். பாஸ்போரமிடான் சேர்த்து நொதியை முடக்கினாலும் சுருக்கம் கூடும். சிகரெட் புகையும் வைரஸ் தொற்றும் இந்த நொதியின் வேலையைக் குறைப்பதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் எத்தனை பெப்டைடு ஊற்றினோம் என்பதைவிட எத்தனை வெட்டுப்படாமல் தப்பியது என்பதுதான் கேள்வி.

கேள்வி: சுண்டெலியின் மூச்சுக்குழாயில் செய்தேன், சப்ஸ்டன்ஸ் பி போட்டதும் தளர்ந்துவிட்டது! என் தப்பா?

பதில்: இல்லை தம்பி, சுண்டெலி அப்படித்தான். அங்கே அது எபிதீலியத்தின் என்.கே.1 ஏற்பியைத் தட்டி புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கும், அதுதான் தளர்த்துகிறது.

கேள்வி: அப்போ மனிதனுக்கு எதை நம்புவது?

பதில்: கினிப்பன்றியில் நரம்பு வழிச் சுருக்கம் மிகப் பெரிது, மனித மூச்சுக்குழாயில் இந்த நரம்புகள் குறைவு. ஆனாலும் ஆஸ்துமாக்காரர்கள் நியூரோகைனின் ஏ-வை உள்ளிழுத்தால் குழாய் சுருங்கத்தான் செய்கிறது, அதனால் சுத்தமாக ஒதுக்கவும் முடியாது. வி.ஐ.பி. கதையும் இதே மாதிரிதான்: அதன் மரபணு இல்லாத சுண்டெலிக்கு மூச்சுக்குழாய் எளிதில் சுருங்குகிறது, சரி, மருந்தாக மனிதருக்கு உள்ளிழுக்கக் கொடுத்தால் நொதிகள் சீக்கிரமே சிதைத்துவிடுகின்றன.