ஜெய்சல்மேர் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி, என் பதில்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் ஜெய்சல்மேர் போகிறோம். அங்கே சாம் என்ற ஊரின் மணல்மேட்டில் ஜீப் ஓட்டுவது பாலைவனத்துக்குக் கேடு, போகவே கூடாது என்கிறாள் என் மகள். என்ன செய்யலாம்?
– வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: போய் வாருங்கள். மகளின் கவலை நியாயமானதுதான், ஆனால் அவள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. மணல்மேடு காற்றோடு நகர்வது. இன்று பதிந்த டயர் தடத்தை அடுத்த பெருங்காற்று மூடிவிடும் (புல் பிடித்து நின்றுவிட்ட மேடுகள் மட்டும் விலக்கு). அடி தாங்காதது சுற்றியுள்ள தட்டைத் தரை. சாமை ஒட்டிய பாலைவனத் தேசியப் பூங்காவின் 3,162 சதுர கிலோமீட்டரில் மணல்மேடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் பாறை, சரளை, சேவண் புல். நம் கண்ணுக்கு வெறும் பொட்டல். அதன் மேல்மண் மெல்லிய பொருக்காக இறுகியிருக்கும். ஒருமுறை சக்கரம் ஏறினால் பொருக்கு உடைந்து, தடம் பல வருடம் அப்படியே கிடக்கும். பின்னால் வருகிற டிரைவர் அதைப் பாதை என்று நினைத்து அதிலேயே வருவார். மூன்றாவது வண்டிக்கு அது ரோடு.

அழிவின் விளிம்பில் இருக்கும் பெரிய பறவையான கானமயில் முட்டையிடுவதும் அந்தப் பொட்டலில்தான். கூடு கிடையாது, வெறுந்தரை. பெரும்பாலும் ஒரே முட்டை. காட்டில் மிஞ்சியிருப்பவை 150 கூட இருக்காது என்பது கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் பக்கம்தான்.

ஆகவே சாமில் கூட்டம் நெரிகிறதே என்று எனக்கு வருத்தமில்லை. அது அங்கேயே நெரியட்டும். எனக்குப் பயம், "சார், டூரிஸ்டே வராத இடம் காட்டுகிறேன்" என்று சொல்கிற டிரைவரைப் பார்த்துத்தான். குளிர்காலத்தில் தில்லித் தமிழ்க் குடும்பங்களை அழைத்துப் போகும்போது, தார் ரோட்டை விட்டு வண்டி இறங்கக் கூடாது என்று புறப்படும் முன்பே பேசிவிடுவேன். பறவை பார்க்க வேண்டுமா? வனத்துறை அனுமதி வாங்கி, பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரிக்குப் போய், உள்ளூர்க்காரரின் ஒட்டக வண்டியில் ஏறுங்கள். மெதுவாகத்தான் போகும். அதற்குத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்!

கேள்வி: நமீபியாவில் பயணிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு உண்டாமே? இங்கே ஏன் முடியாது?
– வாசகர், ஆர்.கே.புரம்

பதில்: நீங்கள் சொல்வது நமீப்ராண்ட் காப்பகம். ஆயிரம் ஹெக்டேருக்கு ஒரு விருந்தினர் படுக்கை என்பது அவர்கள் கணக்கு. விடுதிகள் கட்டும் கட்டணத்தில்தான் காப்பகம் நடக்கிறது. இரவு வெளிச்சத்தையும் கட்டுப்படுத்தி, 2012-இல் இருள்வானக் காப்பகம் என்ற அங்கீகாரமும் வாங்கிவிட்டார்கள். அதே கணக்கை நம் பூங்காவுக்குப் போட்டால் மொத்தம் 316 படுக்கை! சாம் ஓரத்துக் கூடாரங்களுக்கே அது காணாது.

ஆனால் அது பழைய ஆட்டுப் பண்ணைகளை வாங்கி இணைத்த தனியார் நிலம். இங்கே பூங்காவுக்குள்ளேயே கிராமங்கள், ஆடுமாடுகள், வயல்கள். 1980-இல் பூங்கா என்று அறிவித்தபோதும் ஊர்க்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள். படுக்கைக்கு மட்டும் வரம்பு வைத்தால் வாடகை ஏறும். லாபம் ஊர்க்காரருக்குப் போகாது. ஒட்டக வண்டி ஓட்டுகிறவருக்கும் வழிகாட்டிக்கும் வருமானம் வந்தால்தான் புல்வெளியை உழாமல் விட அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும். வெளிச்சக் கட்டுப்பாட்டை மட்டும் நாளைக்கே கொண்டுவரலாம், செலவில்லாத வேலை. நடுராத்திரி டிஜே பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

கேள்வி: பறவையைக் கொல்வது மின்கம்பி. பழி மட்டும் சுற்றுலாப் பயணி மேலா?
– வாசகர், துவாரகா

பதில்: சரியான கேள்வி. பெரிய எமன் கம்பிதான். கானமயிலுக்கு நேர் முன்னால் பார்வை குறுகல். ஆண் பறவை 15 கிலோ வரை எடை. கம்பியைக் கண்டபின் விலக நேரமிருக்காது. கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கச் சொல்லி 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதைத் திருத்தி, நிபுணர் குழு அமைத்தது. அந்தக் கம்பிகளில் ஓடுவது சூரிய, காற்று மின்சாரம். தில்லியில் நாம் போடும் ஏசிக்கும் அதில் பங்குண்டு.

அதற்காக நம் கை சுத்தம் ஆகிவிடாது. முகாமில் மிஞ்சிய ரொட்டி, எலும்பு எல்லாம் வெளியே கொட்டினால் நாய் பெருகும். நாய்க்கூட்டம் சிங்காரா மானைத் துரத்தும், தரையில் கிடக்கும் முட்டையையும் விடாது. அறை பதிவு செய்யும்போது வெந்நீர் உண்டா என்று கேட்கிறோமே, கூடவே குப்பை எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு முகாம் பாருங்கள்.

கேள்வி: சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே வேறென்ன இருக்கிறது?
– வாசகி, கரோல் பாக்

பதில்: ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் சாலையில் அகல் புதைபடிவப் பூங்கா. சுமார் 18 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. காலையிலேயே போய்விடுங்கள், நிழல் கிடையாது. அப்புறம், திரும்பும்போது பிள்ளைகளின் பாக்கெட்டை ஒருமுறை பாருங்கள். கல் எடுத்துவரக் கூடாது.