72 மணித்தியாலத்தை எங்கிருந்து எண்ணுவது? வெளிநாடு போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் இருபது வருடமாக விமான ரிக்கெற் போட்டுக் கொடுப்பது என் தொழில். கொரோனா வந்த இந்த இரண்டு வருடத்தில் ரிக்கெற் போட்டதை விட, போட்டதை மாற்றிக் கொடுத்ததுதான் கூட. கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சென்ற கிழமை சொல்லியிருந்தேன். நிறைய வந்தது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். இன்று 2022 மார்ச் 20, ஞாயிறு. திகதியைக் கவனியுங்கள். கீழே உள்ளதில் பாதி ஏப்ரல் பிறந்ததும் பழசாகிவிடும்.

சுன்னாகத்திலிருந்து: அண்ணை, அம்மா 23ஆம் திகதி இரவு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறி டுபாய் வழியாக ரொறன்ரோ போகிறா. பிசிஆர் என்ற கொரோனாச் சோதனை 72 மணித்தியாலத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். வீட்டிலிருந்து வெளிக்கிடும் நேரத்திலிருந்து எண்ணுவதா, கட்டுநாயக்காவிலிருந்தா?

இரண்டும் இல்லைப் பிள்ளை. கனடா பார்ப்பது கனடாவுக்கு நேரே போகும் கடைசி விமானத்தை. உங்கள் அம்மாவுக்கு அது டுபாயில் ஏறும் விமானம். ரிக்கெற்றில் அந்த நேரம் வியாழன் அதிகாலை 3.30 என்றிருந்தால் நம் நேரம் 5 மணி. அதிலிருந்து மூன்று நாள் பின்னால் போனால் திங்கள் அதிகாலை 5 மணி. ஆகவே இன்று மூக்கில் எடுத்தால் செல்லாது, நாளை காலை எடுத்தால் செல்லும். கணக்கு மாதிரி எடுத்த நேரத்துக்குத்தான், அறிக்கை கையில் வந்த நேரத்துக்கு இல்லை. இதில் சனம் அடிக்கடி பிழை விடுகிறது.

நாளை காலை கொடுத்து, செவ்வாய் அறிக்கை வாங்கி, புதன் காலையே வானில் வெளிக்கிடுங்கள். வழக்கமாக ஏழெட்டு மணித்தியால ஓட்டம். ஆனால் இப்போது வான்காரர் டீசல் வரிசையில் நிற்கிற காலம். டீசல் அடித்து வைத்திருக்கிற வானா என்று முதலே கேட்டுப் பிடியுங்கள்.

பெப்ரவரி 28 முதல் அன்டிஜன் என்ற உடனடிச் சோதனையும் எடுக்கலாம், ஆனால் விமானத்துக்கு முதல் நாளோ அன்றோதான் எடுக்க வேண்டும், அதுவும் ஆய்வுகூடத்தில். வீட்டில் தாங்களே குத்திப் பார்ப்பது கணக்கில் வராது. முதல் நாள் அம்மா வீதியில் அல்லவா இருப்பா? நம் ஊர்க்காரருக்குப் பிசிஆர்தான் தோது.

இன்னொன்று. கொரோனாத் தடுப்பூசி இரண்டும் போட்டு 14 நாள் கடந்தவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் இந்தச் சோதனையே தேவையில்லை என்று கனடா மூன்று நாளைக்கு முன் அறிவித்துவிட்டது. அவசரம் இல்லையென்றால், திகதி மாற்றும் கட்டணத்தையும் பிசிஆர் காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகளுக்குப் பிள்ளைப்பேறு என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், போகட்டும்.

கோண்டாவிலிலிருந்து: எனக்கு ஜனவரியில் கொரோனா. அன்டிஜனில்தான் பிடிபட்டது. 28ஆம் திகதி கனடா பயணம். பிசிஆரில் இன்னும் பொசிட்டிவ் காட்டினால்?

காட்டலாம் தம்பி. வருத்தம் மாறிக் கிழமைக்கணக்கில் சிலருக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான், புறப்படுவதற்கு 10 நாளுக்குக் குறையாத, 180 நாளுக்குக் கூடாத பழைய பொசிட்டிவ் அறிக்கையையும் கனடா ஏற்கிறது. ஆனால் அது பிசிஆர் போன்ற மூலக்கூற்றுச் சோதனையாக இருக்க வேண்டும். உங்கள் அன்டிஜன் துண்டு உதவாது. இன்று போய் எடுத்துப் பொசிட்டிவ் வந்தாலும் 28க்குப் 10 நாள் நிரம்பாது. ஊசி இரண்டும் போட்டவர் என்றால் பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். வேறு வழி தேடி அலைய வேண்டாம்.

மானிப்பாயிலிருந்து: லண்டன் போக இப்போது என்ன வேண்டும்?

வீசாவும் குளிர்ச்சட்டையும். நேற்று முன்தினத்திலிருந்து சோதனையும் இல்லை, படிவமும் இல்லை, ஊசி போடாதவருக்கும் அப்படித்தான். சென்ற வருடம் ஜூன் 8 முதல் செப்டெம்பர் 22 வரை இலங்கை பிரித்தானியாவின் சிவப்புப் பட்டியலில் கிடந்தது. போனவர்கள் ஹோட்டலில் அடைபட்டு ஆளுக்கு 1750 பவுண் கட்டினார்கள், ஓகஸ்டில் அது 2285 ஆனது. அந்தக் காசை அழுதுகொண்டு கட்டியவர்களுக்கு ரிக்கெற் போட்டவன் நான். நேரே போகும் விமானம் என்றால் யோசனை இல்லை. இடையில் இறங்குகிறீர்கள் என்றால் அந்த நாட்டு விதியையும் பாருங்கள்.

பருத்தித்துறையிலிருந்து: பாரிஸில் அண்ணா. எனக்கு சைனோபாம் தடுப்பூசி இரண்டு, பூஸ்டர் பைசர். அங்கே தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பல் போய் ஒரு கொத்து ரொட்டி சாப்பிட விடுவார்களா?

விடுவார்கள். சைனோபாம் மட்டும் என்றால் பிரான்ஸ் முழுமையான தடுப்பூசியாக எடுக்காது. அதன் மேல் ஒரு பைசரோ மொடேர்னாவோ போட்டு ஏழு நாள் கடந்தால் சரி. நீங்கள் அதிர்ஷ்டக்காரர். ஊசி முடித்தவர்களுக்குப் பெப்ரவரி 12 முதல் சோதனையும் இல்லை. ஜேர்மனி வேறு கதை. அங்கே சைனோபாமைக் கணக்கெடுப்பதில்லை, அதை நம்பிச் சுற்றுலா ரிக்கெற் போட வேண்டாம். கனடா சென்ற நவம்பர் 30இலிருந்து சைனோபாமை ஏற்கிறது. ஒரே ஊசி, மூன்று நாட்டில் மூன்று மரியாதை.

கொக்குவிலிலிருந்து: ஊசி அட்டையில் என் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்துத்தான் இருக்கிறது. பாஸ்போட்டில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. பிரச்சினை வருமா?

வரும். ஒரு சம்பவம் சொல்கிறேன். சென்ற வருடம் நான் அனுப்பிய ஒரு அம்மாவின் பிசிஆர் அறிக்கையில் பாஸ்போட் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்ணும் இடம் மாறிக் கிடந்தது. ஆய்வுகூடத்தில் தட்டச்சுப் பிழை. நானும் கவனிக்கவில்லை, அது என் பிழை. கவுண்டரில் இருந்த பிள்ளை விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தது. இரவு பத்து மணிக்கு ஆய்வுகூடத்தில் யார் தொலைபேசி எடுப்பார்? அம்மா சூட்கேசின் மேல் இருந்தபடியே விமானம் போய்விட்டது. அன்றிலிருந்து அறிக்கையையும் பாஸ்போட்டையும் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

உங்கள் விடயத்துக்கு: ஊசி போட்ட சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பாஸ்போட்டைக் காட்டிப் பெயரையும் இலக்கத்தையும் திருத்துங்கள். பிறகு சுகாதார அமைச்சின் இணையத்தில் கியூஆர் உள்ள சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இந்த ஒழுங்கை மாற்றினால் பிழையான பெயரிலேயே சான்றிதழ் வரும்.

நல்லூரிலிருந்து: ஐயா, அம்மம்மாவிடம் ஸ்மார்ட் போன் இல்லை. கனடா போகிறவர்கள் நிரப்பும் அரைவ்கான் என்ற இணையப் படிவம் எப்படி?

ஸ்காபரோவில் இருக்கிற மகளே இணையத்தில் நிரப்பலாம். கனடாவில் இறங்குவதற்கு முந்தைய 72 மணித்தியாலத்துக்குள் நிரப்ப வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகும் இது உண்டு. முடிந்ததும் வரும் பற்றுச்சீட்டில் அம்மம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் ஏ, ஐ, வி என்ற எழுத்தில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஊசி விபரம் ஏறிவிட்டது. இது இலவசம், காசு கேட்கிற தளத்தை மூடிவிடுங்கள்.

அதே வீட்டிலிருந்து: எட்டு வயது மகனும் போகிறான். அவனுக்கு ஊசி இல்லை.

ஊசி போட்ட பெற்றோருடன் போனால் தனிமைப்படுத்தல் இல்லை. ஆனால் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள, ஊசி போடாத பிள்ளைக்குப் பிசிஆரோ அன்டிஜனோ ஏப்ரலுக்குப் பிறகும் வேண்டும். பெரியவர்களுக்கு இல்லையே என்று பிள்ளையை மறந்துவிடாதீர்கள்.

சங்கானையிலிருந்து: பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் எப்போது?

2019 நவம்பரில் தொடங்கி, 2020 மார்ச்சில் நின்றது. நாலு மாதமும் எவ்வளவு சுகமாக இருந்தது! இந்தியா வரும் 27ஆம் திகதி வழமையான சர்வதேச சேவைகளைத் திறக்கிறது. பலாலி திறந்தால் நானே வெடி கொளுத்துவேன். அதுவரை கொழும்பு வழிதான். எயர் சுவிதா என்ற இந்தியாவின் இணையப் படிவத்தை முன்கூட்டியே நிரப்பி, 72 மணித்தியாலத்துக்குள் எடுத்த பிசிஆரோடு போனால் யாரும் மறிக்க மாட்டார்கள்.

ஸ்காபரோவிலிருந்து: நல்லூர்த் திருவிழாவுக்கு வர இப்போதே ரிக்கெற் போடலாமா?

போடுங்கள், திகதி மாற்றக்கூடியதாக. ஊசி முடித்தவர்களிடம் மார்ச் 1 முதல் இலங்கை, புறப்படுமுன் எடுக்கும் சோதனையைக் கேட்பதில்லை. திருவிழாவுக்குள் இது மாறாது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். இங்கே 200 ரூபாயில் நின்ற டொலர் இந்த மாதம் 260ஐத் தாண்டிவிட்டது. நீங்கள் அங்கே டொலரில் வாங்குவதால் தப்பினீர்கள். எங்கள் சனத்துக்குத்தான் ரிக்கெற் விலை கேட்டதும் தலை சுற்றுகிறது.

திருநெல்வேலியிலிருந்து: அறிக்கையைப் போனில் காட்டினால் போதாதா? கட்டாயம் பிரிண்ட் எடுக்க வேண்டுமா?

சட்டப்படி பல இடங்களில் போதும். ஆனால் கவுண்டரில் அவர்கள் டிமாட்டிக் என்ற கணினி விதிப்பட்டியலைப் பார்த்தபடி உங்கள் தாளைப் புரட்டுவார்கள். அந்த நேரத்தில் பற்றரி செத்த போனை நீட்ட முடியுமா? இரண்டு பிரதி எடுங்கள். மின்வெட்டு நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஜெனரேற்றர் உள்ள போட்டோக்கொப்பிக் கடை என்றாலும் டீசல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள்.