நிமிர்ந்த படகில் நிறைந்த நீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃப்ளோரிடாவில் நடக்கும் எவர்கிளேட்ஸ் சேலஞ்ச் என்ற சிறுபடகுப் போட்டி பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். நானும் நண்பரும் 15 அடி பாய்மர டிங்கியில் (சிறு திறந்த படகு) ஒருநாள் அதில் இறங்க ஆசைப்படுகிறோம். கவிழ்ந்த படகை இரண்டு நிமிடத்தில் நிமிர்த்திவிடுவோம். அது போதுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போதாது. ஃபோர்ட் டி சோட்டோ கரையிலிருந்து கீ லார்கோ வரை சுமார் 300 மைல், 8 நாள் அவகாசம், துணைப்படகு கிடையாது. கூடாரம், சாப்பாடு, குடிநீர் எல்லாம் டிங்கிக்குள்தான். 2015-ல் புறப்பட்ட அன்றே டம்பா விரிகுடாவின் வாயில் படகுகள் கவிழ, கடலோரக் காவல் படை போட்டியை நிறுத்தவேண்டியதாயிற்று.

நீங்கள் பழகியது காலிப் படகில் என்று நினைக்கிறேன். சுமையேற்றிய திறந்த டிங்கி, தொட்டிபோல் நீரை அள்ளிக்கொண்டுதான் நிமிரும். 300 லிட்டர் என்றால் 300 கிலோ. லேசாகச் சாய்ந்தாலும் அத்தனையும் அந்தப் பக்கமே ஓடும், படகு மறுபடி கவிழும். ஆகவே பக்கவிளிம்பைப் பிடித்து ஏறாதீர்கள். பாயை இறக்கிவிட்டு, ஒருவர் மட்டும் பின்புறமாக ஏறி நடுவில் மண்டியிடட்டும். மற்றவர் நீரில் மிதந்தபடியே முன்முனையைக் காற்றுக்கு எதிரே பிடித்திருக்கட்டும்.

இனி இறைப்பது. வாளிக்கு 7 லிட்டர் போனாலும் நாற்பது வாளிக்கு மேல். பலரும் தோற்பது இங்கேதான், காரணம் சென்டர்போர்டு (படகின் அடிவழியே நீருக்குள் இறக்கும் பலகை) செருகியிருக்கும் பெட்டியின் மேல்வாய். நீர் நிரம்பிய படகில் அந்த வாய் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், நீங்கள் இறைக்க இறைக்க அடியிலிருந்து கடல் வந்துகொண்டே இருக்கும். அவசரத்துக்கு ஈரத்துணியை அதில் திணிக்கலாம். சரியான வழி, தரையில் மிதவையைக் கூட்டி, நீர் நிற்க இடமில்லாமல் செய்வது. காற்றுப் பைகளைப் பக்கவாட்டில் மட்டும் அடைத்தால் வேறு தொல்லை: கவிழ்ந்த படகு உயரமாக மிதக்கும், நிமிர்த்தப் பிடிக்கவேண்டிய சென்டர்போர்டு கைக்கு எட்டாது, தலைகீழாகவும் சீக்கிரம் புரண்டுவிடும்.

துணிமணி வைத்த நீர்புகாப் பைகளே நல்ல மிதவை. 40 லிட்டர் பையில் 8 கிலோ சாமான் இருந்தால், மூழ்கும்போது சுமார் 32 கிலோ விசையோடு மேலே இழுக்கும். கொடிக்கயிறெல்லாம் தாங்காது. அகலமான நாடாவால் தரையோடு இறுக்குங்கள்.

போட்டியின் கடைசிப் பகுதியான ஃப்ளோரிடா விரிகுடாவில் பல இடங்களில் ஆளுயர நீர்கூட இருக்காது. கவிழ்ந்தால் பாய்மர நுனி சேற்றில் குத்தி நிற்கும். பழக்கதோஷத்தில் சென்டர்போர்டில் ஏறி நின்றால் பாய்மரம் வளையும், ஒடியவும் ஒடியும். யாரும் படகின்மேல் எடை போடாமல், குத்திய திசைக்கு எதிரே படகை இழுத்து நுனியை உருவிவிட்டுப் பிறகு நிமிர்த்துங்கள். மர உச்சியில் ஒரு மிதவை கட்டியிருந்தால் இந்தப் பாடு பெரும்பாலும் வராது. பார்க்க அழகாயிருக்காது, அவ்வளவுதான்.

காற்றில்லாத நாளில் ஓர் ஏரியில், குடிநீர் கேன்கள் உட்பட முழுச் சுமையோடு வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். நிமிர்த்திய நேரம் கணக்கில்லை. தரை தெரியும்வரை இறைத்து, பாயேற்றி, படகு மறுபடி ஓடத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒன்று: வாளியைப் படகோடு கயிறு போட்டுக் கட்டியிருக்கிறீர்களா?